ஏழு கோடி ஆண்டு, எண்பது ரூபாய்

அரியலூர் மாவட்டத்தில் ஒரு கடல் விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. டன் கணக்கில். எடை போட்டு. ரசீதோடு.

சந்தேகமிருந்தால் ரெட்டிபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். சிமெண்ட் ஆலை இருக்கிறது. சுற்றிலும் சுரங்கம். லாரியில் போவது சுண்ணாம்புக்கல் என்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சிப்பி. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. தடித்த ஓட்டுச் சிப்பிகள் கடலடியில் செத்துச் செத்து மேடு கட்டின. அந்த மேட்டை அரைத்துத்தான் நாம் மூன்றாவது மாடி எடுக்கிறோம். 2014-ல் மத்திய அரசு இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். ஒரு டன் கடலுக்கு ஒரு மசால் தோசை. 2025-ல் மாநில அரசும் கனிம நில வரி என்று தன் பங்குக்குக் கை நீட்டியது. கல்லுக்கு மேலிருந்தும் வரி, கீழிருந்தும் வரி. கல்லுக்குள் இருக்கும் உயிருக்கு மட்டும் ஒரு வரிச் சட்டம் கிடையாது.

அந்த உயிரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளிநாட்டு இயற்கை அறிவியல் அருங்காட்சியகங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிபுணரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். இது என்ன, எங்கே கிடைத்தது, எப்படிச் செத்தது என்று துளைத்தெடுப்பார்கள். நிபுணர் பதில் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். நம் ஊரில் நிபுணர் என்றால் பொன்னாடை. பத்து நிமிட வாழ்த்துரை. கேள்வி நேரம் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

வெள்ளைக்காரன் இந்த மண்ணைக் கொள்ளையடித்தான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். சரி. அவன் இந்தச் சிப்பியை என்ன செய்தான்? 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இந்த வட்டாரங்களில் ஓடு பொறுக்கினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக விவரித்து 1846-ல் லண்டனில் அச்சேற்றினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற செக் நாட்டுக்காரர் கல்கத்தாவில் உட்கார்ந்து 1873 வரை தென்னிந்தியக் கடல் உயிர்களைப் பற்றித் தடித்தடியான தொகுதிகள் எழுதினார். அந்நியன் படம் வரைந்து பெயர் சூட்டினான். நாம் சொந்தக்காரர்கள். ஆகவே அரைக்கிறோம்.

அருங்காட்சியகம் நம்மிடமும் உண்டு. வாரணவாசியில் அரசே கட்டியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வரிசையை யோசியுங்கள். சிப்பியை அரைத்துச் சிமெண்டாக்குகிறோம். சிமெண்டைக் குழைத்துக் கட்டடம் எழுப்புகிறோம். கட்டடத்துக்குள் கண்ணாடிப் பெட்டி வைத்து, அரைபடாமல் தப்பிய நாலு சிப்பியை அதில் அடுக்குகிறோம். பிறகு ‘தொன்மை காப்போம்’ என்று மைக் பிடிக்கிறோம். இந்தத் துணிச்சல் வேறு எந்த நாட்டுக்கு வரும்?

கல்லங்குறிச்சி என்றால் நமக்குக் கலியுக வரதராஜப் பெருமாள். புவியியல்காரர்களுக்கு அது இந்தச் சிப்பிப் பாறையின் பெயர். நேபாளத்தில் கண்டகி ஆற்றங்கரையில் அம்மோனைட் என்ற சுருள் வடிவக் கடலுயிரின் படிவம் கிடைத்தால் அது சாளக்கிராமம். பட்டில் வைத்துப் பாலூற்றுகிறார்கள். அதே குலத்து அம்மோனைட் அரியலூரில் கிடைத்தால் ஜல்லி. கிரஷரில் போட்டு நீரூற்றுகிறார்கள், தூசி பறக்காமல் இருக்க. பெருமாளுக்கே முகவரி பார்த்துத்தான் மரியாதை.

நிபுணர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. முதலாமவர் வாட்ஸ்அப் நிபுணர். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்றார் இவர். மாவட்டமே செல்போனைத் தடவியது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து, இது முட்டையல்ல, அம்மோனைட்டுகளோடு கடலடியில் படிந்து இறுகிய கல் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் செய்தியும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டு கடலில் நீந்திய உயிர் அது, டைனோசர்களோடு பூண்டற்றுப்போன இனம் அது என்று கேட்க எவருக்கும் பொறுமை இல்லை. அம்மோனைட் செய்த ஒரே தப்பு, ஸ்பீல்பெர்க் அதை வைத்துப் படம் எடுக்காததுதான்.

இரண்டாமவர் கோப்பு நிபுணர். அவரோடு ஒரு உரையாடல் நடத்திப் பார்ப்போம். நடக்காததுதான். ஆனால் நடந்தால் இப்படித்தான் நடக்கும்.

“சார், சுரங்கத்தில் அபூர்வமான எலும்பு தெரிகிறது. வேலையை யார் நிறுத்துவது?”

“அது கனிமவளம் பார்ப்பவர் பொறுப்பு.”

“அவர் தொல்லியல்காரரைக் கைகாட்டுகிறாரே?”

“தொல்லியல் என்றால் மனிதன் செய்த பொருள். இது மனிதன் பிறப்பதற்கு முன்பே செத்தது.”

“அப்படியானால் அருங்காட்சியகம்?”

“கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். தோண்டப் போகமாட்டார்கள்.”

“அப்போ யாரும் இல்லையா?”

“ஏன் இல்லை? மனு கொடுங்கள்.”

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். புதைபடிவங்களைக் காக்கவென்றே தனிச் சட்டம் இந்த நாட்டில் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்காக ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. கவனியுங்கள், சுரங்க அமைச்சகம். வெட்டுவதற்கு அனுமதி தருபவர்களே காப்பதற்கும் வரைவு எழுதினார்கள். வெட்டும் வேலை வேகமாக நடக்கிறது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

மூன்றாமவர், எலும்பைத் தொலைத்த தேசத்து நிபுணர். இவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு அறிவியலாளர்கள் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கால் எலும்பு ஒன்றே ஏறக்குறைய 2 மீட்டர். ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் எலும்புகள் இல்லை. களத்திலிருந்து புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்து சேர்வதற்குள் நொறுங்கிப்போயின. மிஞ்சியது சில கோட்டோவியங்களும் மங்கலான படங்களும். அது எலும்பா, கல்லாகிப்போன மரமா என்றே சில வெளிநாட்டு அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். பதிலுக்கு எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு துண்டு கிடையாது. அர்ஜெண்டினாவில் இப்படி ஒன்று கிடைத்தால் ஊருக்கே விமான நிலையம் வரும். நமக்குக் கிடைத்தது மழையில் கரைந்த மண்.

எளிதில் நொறுங்கும் எலும்பைக் காப்பாற்றக் களத்திலேயே பசை ஊற்றி இறுக்க வேண்டும், சாக்கும் பிளாஸ்டரும் சுற்ற வேண்டும், ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டும். ஆள் வேண்டும், காசு வேண்டும். ஒரு திறப்பு விழாப் பந்தல் செலவில் எத்தனை எலும்பைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போடுங்கள். போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்த பந்தலைப் பெரிதாகப் போட்டுவிடுவார்கள்.

ஒன்று மட்டும் தப்பியது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரின் கல்மரம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. சுமார் 18 மீட்டர் நீளம். வேலி போட்டு வைத்திருக்கிறோம். நம் அக்கறையால் தப்பியது என்று மார்தட்ட வேண்டாம். மரம் முழுக்க சிலிக்காவாக மாறிவிட்டது. சிமெண்டுக்கு ஆகாது. இந்த இரண்டு மாவட்டங்களில் செத்த பிறகும் பிழைக்க வேண்டுமானால் சுண்ணாம்பாகக் கூடாது.

ஆலை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. சோறு போடுகிறது. தூசியும் போடுகிறது. கேட்பது ஒன்றே ஒன்று. வெடி வைப்பதற்கு முன் ஒரு நாள், புவியியல் படித்த ஒரு பிள்ளை அந்தக் கல்முகத்தைப் பார்க்கட்டும். படித்துவிட்டு வேலையில்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கிடைத்ததை வாரணவாசிக்கு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று ரெட்டிபாளையத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லட்டும். நிபுணரோடு உரையாடல் என்றால் அதுதான். உற்பத்தி பாதிக்கும் என்பார்கள். 7 கோடி ஆண்டு காத்திருந்த கல்லுக்கு ஒரு நாள் பொறுக்காதாம்.

சத்தம் அதிகமானால் குழு போடுவார்கள். குழு ஆய்வு செய்யும். கால நீட்டிப்புக் கேட்கும். அறிக்கை வருவதற்குள் கல் தீர்ந்து பள்ளத்தில் மழைநீர் நிற்கும். அதில் மீன்குஞ்சு விட ஒரு திட்டம் வரும். மந்திரி வருவார், கேமரா வரும், பொன்னாடை வரும். நாமும் போய்க் கைதட்டுவோம். அந்தத் துறையில் உலகத்தரமான நிபுணர்கள் நாம்தான்.