தோளுக்கேற்ற தோணி

டொரோண்டோவில் ஒருவன் நுரைத்துப் பாயும் ஆற்றுக்குக் கனூ வாங்கப்போகிறான் என்று தெரிந்தால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் கடைசியில் சிபாரிசு செய்வது ஒரே படகைத்தான்: அவரவர் வீட்டுப் பின்வளவில் கவிழ்ந்து கிடப்பதை.

குட்டைப் படகு வைத்திருக்கும் நண்பர் ‘ராக்கர்’ பற்றி வகுப்பெடுத்தார். அடிப்பக்கம் வளைந்து இரு முனைகளும் மேலே எழும்பியிருந்தால், பாறையைக் கண்டதும் படகு சட்டென்று திரும்புமாம். உண்மைதான். ஆனால் அமைதியான தண்ணீரில் யாரும் கேட்காமலே திரும்பிக்கொண்டிருக்கும். தவிர, மடவாஸ்கா ஆற்றின் பாறைகள் அவருக்கு மனப்பாடம். நான் போக நினைத்ததோ வட கரோலைனாவின் நாந்தஹாலாவுக்கு. அங்குள்ள பாறைகளுக்கும் எனக்கும் முன்பின் அறிமுகமில்லை. கடினத்தில் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு ஆறு. முடிவில் மட்டும் மூன்றாம் வகுப்பு வீழ்ச்சி ஒன்று, பரீட்சையின் கடைசிக் கேள்வி மாதிரி. அணையின் அடியாழத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் கோடையிலும் பல் கிட்டும்.

இன்னொருவர் ராயலெக்ஸ் பக்தர். மோதி நசுங்கினாலும் பழைய உருவத்துக்குத் திரும்பும் பொருள் அது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டதால், பழைய படகுக்கு விலை சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கியூபெக்கின் எஸ்கிஃப் நிறுவனம் டி-ஃபோர்மெக்ஸைக் கொண்டுவந்தது. பாலிஎத்திலீன் மலிவு, அடி தாங்கும், ஆனால் கனம்.

இருவரும் ஒத்துப்போனது காற்றுப்பையில் மட்டும்தான். முனைகளில் அதைக் கட்டாத படகு கவிழ்ந்தால் நூற்றுக்கணக்கான லீட்டர் ஆற்றைக் குடித்துவிடும். லீட்டருக்கு ஒரு கிலோ. பிறகு இழுத்துப் பாருங்கள்.

கடையில் என் மனைவி ராக்கரையும் பார்க்கவில்லை, பொருளையும் விசாரிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, இதை ஆர் தூக்கிறது?”

அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. தெரியாத ஆற்றில் புத்தியுள்ளவன் சுழிப்புக்கு முன்பே கரையேறி, நடந்துபோய்ப் பார்ப்பான். பிடிக்காவிட்டால் படகைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாகக் கடப்பான். ‘போர்ட்டேஜ்’ என்று கனடாக்காரர்கள் கௌரவமாகச் சொல்வது இதைத்தான். ஆறு எவ்வளவு புதிதோ, அவ்வளவு தூரம் படகு நம்மேல் சவாரி செய்யும்.

ஆகவே நடுத்தர நீளம், நடுத்தர வளைவு, இரண்டு காற்றுப்பை, தனியாளாய்த் தூக்கக்கூடிய எடை என்று ஒன்றை வாங்கினேன்.

குட்டைப் படகு நண்பர் சுற்றிவந்து பார்த்தார். “அண்ணை, இது பயந்தாங்கொள்ளிகள் வாங்கிற படகெல்லோ?”

அளவெடுத்து வாங்கியது, பொருந்தாமல் போகுமா?