கண்ணைத் திற, சிரி, அசையாதே

பிள்ளைகளை வெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் படமெடுக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது பசி. உங்களுக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. விடியற்காலையில் எழுப்பி, வேனில் தூங்கவிடாமல் பாட்டைப் போட்டு, மாமல்லபுரத்தில் இறங்கியதும், ‘முதல்ல போட்டோ, அப்புறம்தான் சாப்பாடு’ என்று அறிவித்துவிட வேண்டும். வயிறு நிறைந்த பிள்ளை தன்பாட்டுக்கு மண்ணை அள்ளி விளையாட ஆரம்பித்துவிடும். முகம் தானாக மலர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் இயக்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அடுத்தது நேரம். விவரம் தெரிந்தவர்கள் காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி என்பார்கள். அப்போது வெளிச்சம் சாய்வாக வந்து கன்னத்தில் பதமாக விழுமாம். விழட்டும். அந்த நேரத்தில் நாம் ஒன்று டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், இல்லையென்றால் டிராஃபிக்கில் நிற்போம். நமக்கு வாய்த்தது உச்சிவெயில். சென்னை வட்டாரத்தில் சூரியன் தலைக்கு நேர்மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒன்று. அன்று 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த நிழல் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. உங்கள் மகளின் புருவத்துக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே போய் ஒதுங்கியிருக்கிறது. படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள் இருக்கும். ஏப்ரல் கடைசி வாரம் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவது நாம் செய்த புண்ணியம்.

சூரியன் எப்போதும் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தாத்தா சொன்ன விதி இது, தாத்தா காலத்தில் சரியான விதியும்கூட. 1900இல் கோடக் நிறுவனம் பிரவுனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுவர்களை மனதில் வைத்து விற்ற கேமரா அது. அந்தக் காலத்து லென்ஸுக்கும் பிலிமுக்கும் வெளிச்சம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. வெயில் நேராக முகத்தில் அடித்தால்தான் ஏதாவது பதியும். இன்று உங்கள் கையிலிருக்கும் போன் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே முகத்தைப் பிடித்துவிடுகிறது. அதற்காக விதியை விட்டுவிட முடியுமா? பிள்ளையைச் சூரியனைப் பார்க்க நிறுத்துங்கள். கண் இடுங்கும். இடுங்கியதும் ‘கண்ணைத் திறடா’ என்று அதட்டுங்கள். திறப்பான், தண்ணீர் வரும். அந்தக் கணத்தில் பட்டனை அழுத்துங்கள்.

பிள்ளையை அப்படியே அரைவட்டம் திருப்பி, வெயில் முதுகில் படும்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். கேட்கவே கூடாத கேள்வி. கண் தானாக விரியும், முடியின் ஓரமெல்லாம் பொன்னாக மின்னும். முகம் கொஞ்சம் இருட்டடிக்கும்தான். ஆனால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் அதுவும் சரியாகிவிடும். இன்னும் ஆசைப்பட்டால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்து, பிள்ளைக்கு எதிரே விரித்துப் பிடிக்கச் சொல்லலாம். வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தை நிரப்பும். ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்கிற வேலையும் இதுதான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால் சித்தப்பாவுக்குத்தான் என்ன மரியாதை? விட்டுவிடுவோம்.

வெயில் தாங்கவில்லை என்று வீட்டம்மா முணுமுணுத்தால் மரத்தடிக்குப் போங்கள். வேம்போ புங்கமோ, இலைகளுக்கு இடையே வெயில் ஒழுகும் மரமாகப் பாருங்கள். நெற்றியில் ஒரு வெள்ளைக் காசு, கன்னத்தில் ஒன்று, மூக்குநுனியில் ஒன்று என்று வெளிச்சப் புள்ளிகள் விழும். தரையில் விழுகிற அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம்தான். 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடிகளில் வட்டத்துக்குப் பதில் பிறைகளும் வளையங்களும் விழுந்தது அதனால்தான். பார்க்க அழகுதான், தரையில் இருக்கும்வரை. முகத்தில் விழுந்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும். இதற்கு நேர்மாறானது, சீரான நிழல். மாமல்லபுரத்திலேயே அர்ச்சுனன் தபசு கிழக்கே பார்த்த பாறை. மத்தியானம் தாண்டிச் சூரியன் மேற்கே போய்விட்டால் அதன் முன்பக்கம் நிழலாகிவிடும். எதிரே திறந்த வானத்திலிருந்து மெத்தென்ற வெளிச்சம் வரும். அங்கே நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் நன்றாக விழும் என்பதால், அந்த நேரத்தில் இளநீர் குடிக்கப் போய்விடுங்கள்.

இனி, எங்கிருந்து எடுப்பது? கோபுரமோ பாறையோ முழுசாக வர வேண்டும், அதுதான் கணக்கு. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையின் உயரம் சுமார் 20 அடி. அது முழுக்கச் சட்டத்துக்குள் வரும்வரை பின்னாலேயே போய்க்கொண்டிருங்கள். பிள்ளை அடியில் எங்கேயோ ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தால் போதும். ஊரில் பெரியம்மா விரல்களால் விரித்துப் பார்த்துக்கொள்வார். ‘தள்ளுடா, பாறையைத் தள்ளுடா’ என்று சொல்ல மறக்க வேண்டாம். பக்கத்தில் வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதே பாறையைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் உங்கள் ஆல்பத்தில் நிரந்தரமாகத் தங்குவார்கள்.

இவ்வளவு தூரம் போக இடமில்லையென்றால், மறுகோடிக்கு வாருங்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலமான பார்வை கொண்டது. ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் மூக்கு முன்னால் வந்து காதுகள் பின்னால் போய்விடும். நாலடி பின்னால் நகர்ந்து 2எக்ஸ் வைத்தால் முகம் முகமாகவே வரும். நாலடி நடக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

உயரம் பற்றிக் கொஞ்சம் நுட்பமாகப் பார்க்க வேண்டும். நின்றபடியே எடுத்தால் உச்சந்தலையும் செருப்பும் வரும், பாதகமில்லை. ஆனால் உண்மையான கலைஞர் பாதி குனிவார். முட்டிவலி இருப்பவர்களுக்கு இது இயல்பாகவே வரும். கடற்கரையில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே ஓடும். நாலு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் ஒரு மீட்டர், கழுத்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நீங்கள் பாதி குனிந்து போனைச் சரியாக அந்த உயரத்தில் பிடித்தால், வங்கக்கடல் குழந்தையின் கழுத்தை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு அறுத்துக்கொண்டு போகும். தப்பித்தவறி மண்டியிட்டு உட்கார்ந்து, போனைப் பிள்ளையின் இடுப்புக்கு இறக்கிவிடாதீர்கள். தொடுவானம் கீழே போய், தலை தனியாக வானத்தில் நிற்கும். உங்கள் பேன்ட்டில் ஈரமணலும் ஒட்டிக்கொள்ளும்.

மற்றவற்றை விளக்கத் தேவையில்லை, நீங்களே செய்துவிடுவீர்கள்: மண்டையிலிருந்து முளைக்கும் மின்கம்பம், கணுக்காலோடு வெட்டிய கால், பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டி. லென்ஸைத் துடைக்காதீர்கள். தேங்காயெண்ணெய்க் கையும் பஜ்ஜிக் கையும் பட்ட கண்ணாடியில் எந்த முகமும் தெய்வாம்சம் பெறும்.

மெரினாவுக்குப் போகிறவர்களுக்குத் தனிக் குறிப்பு உண்டு. கடல் கிழக்கே, மாலைச் சூரியன் ஊர்ப்பக்கம். ‘கடல் பின்னாடி தெரியணும்’ என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால்தான் ஐந்து மணி வெயில் பிள்ளையின் கண்ணுக்குள்ளேயே இறங்கும். நவம்பரில் ஆறுக்கு முன்பே, ஜூலையில் ஆறரைக்கு மேல், சூரியன் மறையும். மறைந்தபின் ஏறக்குறைய இருபது நிமிடம் வானம் முழுவதும் ஒரே சீராக ஒளி விடும். யாருக்கும் கண் கூசாது, கடலும் பின்னாலேயே இருக்கும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்க உகந்த நேரம் அது.

சிரிப்பு என்பது உத்தரவு போட்டு வரவழைப்பது. ‘ஈ காட்டு’ என்றால் பல் வரும், கண் வராது. அது போதும். உங்களுக்குப் பின்னால் அம்மா பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டட்டும், மாமா காக்கா மாதிரி கத்தட்டும், அத்தை தன் போனிலும் ஒன்று எடுக்கட்டும். ஒரு பிள்ளை பிஸ்கட்டைப் பார்க்கும், ஒன்று காக்காயைத் தேடும், ஒன்று அழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆனதால், கைக்குழந்தை அசையாதிருக்கத் தாயின் மேல் துணியைப் போர்த்தி, நாற்காலியைப் போல உட்கார வைத்து, மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பாவம், அந்தத் தாய்மார்கள் சத்தமாவது போடவில்லை.

ஓடும் பிள்ளையைப் பிடிக்க 500இல் ஒரு பங்கு விநாடி வேகமாவது வேண்டும், தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் முறை அதற்கு உதவும் என்றெல்லாம் சொல்வார்கள். நம் வழி இதைவிட எளிது. ஓடவே விடாதீர்கள். அலைக்குப் பயந்து ஓடிவந்து, தங்கையின் மேல் விழுந்து, இருவரும் நனைந்து சிரிக்கும்போது போனைக் கீழே இறக்கி, ‘டிரெஸ் போச்சு, வா இங்க, ஒழுங்கா நில்லு’ என்று கூப்பிடுங்கள். தலை சீவி, பவுடர் போட்டு, வரிசையில் நிறுத்துங்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கையை நீட்டும். ‘அப்பா, நான் ஒண்ணு எடுக்கட்டுமா?’ கொடுக்காதீர்கள். ஒரு டாலர் பெட்டியைக் கொடுப்பது வேறு, மாதத்தவணையில் வாங்கிய போனைக் கொடுப்பது வேறு. மனம் இளகிக் கொடுத்துவிட்டால் விளைவு இதுதான்: பிள்ளை அதை மார்புக்கு நேரே பிடித்து உங்களை அண்ணாந்து எடுக்கும். படத்தில் இரண்டு மூக்குத் துவாரங்கள், மேலே வெளுத்துப்போன வானம், தலையில் பாதி வெட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் கருங்குழி, ‘அசையாதே’ என்று சொல்லத் திறந்த வாய். உடனே அழித்துவிடுங்கள். பல போன்களில் அழித்த படம் 30 நாள் குப்பைப் பகுதியில் கிடக்கும், அங்கேயும் போய் அழியுங்கள். அதற்குள் உங்கள் மனைவி அதைக் குடும்பக் குரூப்பில் போட்டு, பெங்களூர் அத்தை ‘இன்னிக்கு வந்ததுலயே இதுதான் நல்லா இருக்கு’ என்று பதிலும் அனுப்பிவிட்டால், ஒன்றும் செய்வதற்கில்லை.