ஒற்றுப்பிழை ஒன்றாவது வேண்டும்

முன்பெல்லாம் கதை கொடுத்தால், "ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லையே" என்று பத்திரிகை ஆபீசில் திட்டு விழும். இப்போது பிழையே இல்லாமல் கொடுத்தால் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களே எழுதினதுதானே?" என்கிறார். முன்ஜாக்கிரதையாக அங்கங்கே சந்திப்பிழையை நானே விதைத்து அனுப்புகிறேன். மெய்ப்புப் பார்க்கிறவர் அதைத் திருத்தித் தொலைக்கிறார். திரும்பவும் நான் சந்தேகக் கேஸ்.

ஆசிரியர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், ஏஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமேசான் கிண்டில் ஒரு விதி போட்டது: ஒருவர் ஒரு நாளைக்கு 3 புத்தகங்களுக்கு மேல் புதிதாக வெளியிடக் கூடாது. கையைக் கட்டிப்போட்ட பிறகே மூன்று! மாதம் ஒரு நாவல் எழுதியவர்களை 'எழுதிக் குவிக்கிறார்' என்று கேலி பேசிய விமர்சகர்கள், அவர்களை நேரில் பார்த்து ஒரு சால்வை போர்த்திவிட்டு வரலாம்.

என் அக்கா மகன் சும்மா இருக்கமாட்டாமல், தொண்ணூறுகளில் நான் மைப்பேனாவில் எழுதிய கதையொன்றை ஏஐ கண்டுபிடிப்பான் ஒன்றில் போட்டான். "மாமா, பெரும்பாலும் மெஷின் எழுதினதுன்னு வருது." ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் கைவிட்டுவிட்டது என விளக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கதையை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் மண்வாசனை. அடுத்து ஆலமரம். அதனடியில் கயிற்றுக் கட்டிலில், பொக்கைவாய்ச் சிரிப்போடு ஒரு பாட்டி. கடைசி வரியில் யாருக்கோ கண் பனிக்கிறது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் ஏஐ எழுதுகிறது. மழை என்றதும் மண்வாசனை என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான். பத்திரிகைக் கதை எழுதுகிற சங்கம் ஒன்று இருந்தால் ராயல்டி கேட்டே வழக்குப் போடலாம்.

என் நிஜப் பாட்டி மண்வாசனையின் பக்கம் போனவரில்லை. மேகம் கறுத்தால் வரட்டி நனையுமே என்று வருண பகவானை வகைதொகையில்லாமல் வைவார். பல்லாங்குழியில் பேத்திகளின் புளியங்கொட்டையை நைசாக அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "கண்ணு தெரியலடி" என்பார். அதே கண்ணுக்கு எதிர்வீட்டம்மாள் புடவையில் ஜரிகை அரை விரல் குறைந்தது தெருமுனையிலிருந்தே தெரியும். எந்த வாய்ப்புக் கணக்கிலும் இந்தக் கிழவி வரமாட்டாள். எவனும் எழுதி வைக்கவில்லையே!

ஆகவே எழுதி வைக்கப்படாததைத் தேடி ஒட்டுக்கேட்கக் கிளம்பினேன். நூலகத்தைவிட ரேஷன் கடை வரிசை உத்தமம்.

"பருப்பு வந்தா பாமாயில் வரமாட்டேங்குது, பாமாயில் வந்தா பருப்பு வரமாட்டேங்குது. ரெண்டும் மாமியா மருமகளா என்ன?"

அவசரமாகக் குறித்துக்கொண்டேன். அந்தம்மா பார்த்துவிட்டார்.

"என்ன சார், நாங்க பேசுறதை எழுதுறீங்க? ஆபீசரா?"

"இல்லம்மா, எழுத்தாளர்."

"நல்லதாப் போச்சு. கார்டுல எம் மருமக பேரைச் சேர்க்கணும். தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

அங்கேயே ஒரு சைக்கிள் கேரியரில் தாளை வைத்து எழுதினேன். தேய்ந்த சொல் ஒன்றில்லை. அடுப்படியில் நிற்கிற மருமகளும், ஆள் கூடியும் அளவு கூடாத அரிசிப் பையும் கண்முன் தெரியும்படி எழுதியிருந்தேன். அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் தெளியவில்லை.

"இதுல 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' எங்க சார்? 'உயர்திரு ஐயா'வும் காணோம். இப்படிக் குடுத்தா தூக்கிக் கடாசிருவாங்க. விடுங்க, எம் பேரன் போன்ல கேட்டா ஒரு நிமிசத்துல அழகா எழுதிக் குடுக்குது."