சங்கு ஊதி ஆரம்பிக்கிற ஓட்டம்

ஏங்கண்ணு, மலையில 100 மைல் ஓடப் போறயாமா? உங்கம்மா வந்து சொல்லுச்சு. சொல்றப்பவே கண்ணுல தண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்கும் சேத்தி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

உக்காரு. ராத்திரி பகலா ஓடப் போறவன், கெழவன்கிட்டப் பத்து நிமிசம் உக்காந்தா ஒண்ணும் கொறஞ்சு போகாது.

42 கிலோமீட்டர் சொச்சம் ஓடுனா மாரத்தான். அதத் தாண்டுனா அல்ட்ரா. அதையும் கல்லு, சேறு, காட்டுத் தடம்னு பாத்து ஓடுனா ட்ரெயில் அல்ட்ராவாமா. எங்க காலத்துல, ஊருக்கு ரோடு போட்டுக் குடுங்க சாமின்னு தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கால் தேஞ்சோம். நீங்க ரோடு இல்லாத எடமாத் தேடிப் புடிச்சு, பணமும் கட்டி ஓடறீங்க. நல்லா இருங்க.

இந்தக் கெரகம் எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? கலிபோர்னியாவுல 100 மைல் குதிரைப் பந்தயம் ஒண்ணு. கார்டி ஐன்ஸ்லீன்னு ஒரு ஆளு அதுல போவாரு. 1973-ல அவரு குதிரைக்குக் கால் நொண்டிருச்சு. 1974-ல என்ன பண்ணுனாரு? குதிரையே இல்லாம, குதிரைகளோட சேந்து தானே ஓடிட்டாரு. 23 மணி 42 நிமிசத்துல போய்ச் சேந்தாரு. அதுதான் இன்னிக்கு வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு பெரிய பந்தயம். குதிரைக்கு நொண்டுனா மனுசன் ஓடறான். மனுசனுக்கு நொண்டுனா குதிரை ஓடுமா? ஓடாது. அதுக்கு அறிவு இருக்குது. 24 மணிக்குள்ள முடிச்சவனுக்கு வெள்ளியில பெல்ட்டு பக்கிள் குடுக்கறாங்க. ஓடி முடிச்சா டவுசர் இடுப்புல நிக்காதுன்னு தெரிஞ்சுதான் குடுக்கறாங்களோ என்னமோ.

அதவுட லொள்ளு புடிச்சது ஒண்ணு இருக்குது. டென்னசி மாநிலத்துல ஃப்ரோசன் ஹெட்னு ஒரு மலங்காடு. பந்தயத்துக்குப் பேரு பார்க்லி மாரத்தான்ஸ். 1986-ல கேரி கேன்ட்ரல்ங்கறவரு ஆரம்பிச்சாரு. லாசரஸ் லேக்னு சொன்னாத்தான் ஓடறவனுகளுக்குத் தெரியும். மார்ட்டின் லூதர் கிங்கச் சுட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977-ல அங்கிருந்த ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடுனான். ரெண்டு நாளுக்கு மேல காட்டுல கெடந்தான். புடிச்சப்பப் பாத்தா, சுமாரா 8 மைல்தான் போயிருந்தான். அத்தன நேரத்துல நான் 100 மைல் போயிருப்பனேன்னாராமா நம்ம கேன்ட்ரல். ஒரு கொலகாரன் உருப்படியா ஓடலையேங்கற ஆதங்கத்துல பொறந்த பந்தயம் கண்ணு இது!

அதுல சேரணும்னா, என்னைய ஏன் சேத்துக்கணும்னு கட்டுரை எழுதணும். எடம் கெடைச்சா வாழ்த்துக் கடுதாசி வராது, அனுதாபக் கடுதாசி வரும். கட்டணம் 1 டாலர் 60 சென்ட். புதுசா வாறவன் அவனூரு வண்டி நம்பர் பிளேட்டு ஒண்ணும் கொண்டாரணும். எத்தன மணிக்கு ஆரம்பம்னு சொல்ல மாட்டாங்க. சாமத்துலயோ விடியறப்பவோ திடீர்னு சங்கு ஊதுவாங்க. நெசமான சங்குதான். ஊதி ஒரு மணி நேரம் கழிச்சு கேன்ட்ரல் ஒரு சிகரெட்டப் பத்த வெப்பாரு. பத்துச்சுன்னா ஓடணும். நம்மூர்ல சங்கு ஊதுனா ஆளு போய்ட்டாருன்னு அர்த்தம். அங்க இனிமேத்தான் போகப் போறான்னு அர்த்தம். பாதியில உட்டுட்டு வாறவனுக்கு, பட்டாளத்துக்காரனப் பொதைக்கறப்ப ஊதற ராகத்த பியூகிள்ல ஊதி அனுப்பி வெக்கறாங்க. ஒரு கொறையும் வெக்கறதில்ல.

ஓட்டமாவது ஒழுங்கா இருக்குதா? 5 சுத்து, 60 மணி நேரம். வழி காட்டற அம்புக்குறி கெடையாது, ஜிபிஎஸ் கூடாது. மேப்பும் தெசகாட்டியும்தான். காட்டுக்குள்ள அங்கங்க பழைய புஸ்தகத்த ஒளிச்சு வெச்சிருப்பாங்க. உன்ற நம்பர் எதுவோ அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு வந்து காட்டணும். நாங்க பள்ளிக்கூடத்துல புஸ்தகத்தக் கிழிச்சா முட்டி போட வெச்சாங்க. ஏத்தம் எல்லாத்தையும் கூட்டுனா, எவரெஸ்ட்டக் கடல் மட்டத்துல இருந்து ரெண்டு தடவ ஏறுன கணக்கு வருமாமா. 2024 வரைக்கும் அஞ்சு சுத்தும் முடிச்சவங்க மொத்தமே 20 பேருதான்.

அதுல ஒருத்தரப் பத்தி மட்டும் சிரிக்க மாட்டேன். ஜாஸ்மின் பாரிஸ். பிரிட்டன்காரம்மா, கால்நடை டாக்டரு, ரெண்டு கொழந்தைக்குத் தாய். 2024-ல, 60 மணிக்கு இன்னும் 99 செகண்டுதான் பாக்கிங்கறப்ப வந்து, ஓட்டம் முடியற எடத்துல இருக்கற மஞ்ச கேட்டத் தொட்டுட்டு அப்படியே சாஞ்சுட்டாங்க. பொம்பளைங்கள்ல அத முடிச்ச மொத ஆளு. அதுக்கு முன்னால 2019-ல, ஸ்பைன் ரேஸ்னு 268 மைல் ஓட்டம். அப்பக் கைக்கொழந்தைக்காரி. நடுநடுவுல நின்னு கொழந்தைக்குப் பால் பீச்சி வெச்சுட்டு ஓடி, ஆம்பளைங்க அத்தன பேரையும் பின்னால தள்ளி ஜெயிச்சாங்க. நீ எதுக்கு நிக்கறே? செல்ஃபி எடுக்க.

சரி, உன்ற சமாச்சாரத்துக்கு வருவோம். நீ ஓடறதுக்கு வாங்குன ஷூ வெலைக்கு ஒரு கெடாக்குட்டியே வாங்கியிருக்கலாம்னு உங்கப்பன் பொலம்பறான். ஷூ இல்லாம ஜெயிச்சவரு கதை ஒண்ணு கேளு. கொலராடோவுல லெட்வில்னு ஒரு ஊரு. ஊரே 3,000 மீட்டர் ஒசரத்துல இருக்குது. 1993-ல அங்க நடந்த 100 மைல் ஓட்டத்துல ஜெயிச்சவரு விக்டோரியானோ சுர்ரோ, மெக்சிகோ மலையில இருந்து வந்த ரராமுரி ஆளு. வயசு 55. கால்ல என்ன? பழைய டயர வெட்டி வாரு போட்ட செருப்பு. அதுக்குன்னு அட்டாலியில கெடக்கற என்ற டயர் செருப்ப எடுத்து மாட்டிக்காத. இட்டேரியத் தாண்டறதுக்குள்ள கொப்புளம் போட்ரும். அவங்களுக்கு அது பொறந்ததுல இருந்து பழக்கம். உனக்கு அந்த ஷூ பழகியிருக்குதா? இல்லீன்னா இன்னிக்கே மாட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போ. மோட்டாரயும் நிறுத்திட்டு வந்துரு.

இன்னொண்ணு சொல்றேன், கிட்ட வா. ஓட்டம்னு பேருதான் கண்ணு. செங்குத்தா ஏத்தம் வந்தா ஜெயிக்கறவனே நடக்கறான், ரெண்டு கையிலயும் கார்பன் ஃபைபர் குச்சிய ஊணிக்கிட்டு. வெள்ளியங்கிரி மலைக்குப் போயிருக்கறயல்ல? பூண்டி அடிவாரத்துல மூங்கத் தடி விப்பாங்க, பாத்திருப்பே. ராத்திரியில காலேஜ் பசங்க மொத மலையிலயே கூப்பாடு போட்டுக்கிட்டு ஓடுவானுக. எழுவது வயசு அம்மிச்சி வெறுங்கால்ல, தடிய ஊணி, சிவசிவான்னு முணுமுணுத்துக்கிட்டு ஒரே சீரா ஏறும். மூணாவது மலையில பாத்தா, பசங்க பாறையில சாஞ்சு கெடந்து அந்த அம்மிச்சிகிட்டயே தண்ணி கேப்பானுக. அதுவும் குடுக்கும். குடுத்துட்டு, "பைய வா சாமி"ன்னு ஒரு வார்த்த சொல்லும் பாரு, அதவுட ஒரு ஏச்சு வேணுமா? ஏறறப்ப மூச்சுதான் வாங்கும். எறங்கறப்பத்தான் தொட நடுங்கும். வீராப்பு மிச்சம் இருந்தா அத எறக்கத்துக்கு வெச்சுக்க.

திங்கறதுக்கு ஜெல்லுன்னு பாக்கெட்டு பாக்கெட்டா அடுக்கி வெச்சிருக்கறே. சக்கரப் பாகுதான? நாலு தின்னா இனிக்கும், பத்தாவதுல குமட்டும். வெளிநாட்டுக்காரனே பந்தயத்து நடுவுல வேவிச்ச உருளக்கெழங்க உப்புல தொட்டுத் திங்கறான். நீ கடலமுட்டாயி கட்டிக்கிட்டுப் போனா ஆரு வேண்டாங்கறா? தண்ணி குடின்னு உன்ற கையில கட்டுன வாட்ச்சு கத்துதுன்னு மடக்மடக்குன்னு தண்ணியக் குடிக்காத. அளவுக்கு மிஞ்சுனா ரத்தத்துல சோடியம் எறங்கி உசுருக்கே மோசம். தாகம் எடுத்தாக் குடி. தாகத்தச் சொல்றதுக்குக் கூடவா உனக்கு மிசினு வேணும்? வலி மாத்திரய முழுங்கிட்டும் ஓடாத, கிட்னி போயிரும்.

ரெண்டாவது ராத்திரின்னு ஒண்ணு வரும். தூக்கமில்லாம ஓடுனா, மரக்கட்ட ஆளா நிக்கும், கல்லு உன்ற பேரச் சொல்லிக் கூப்புடும். பேயுமில்ல, முனியுமில்ல. ஓடறவனுக பல பேரு பாத்தத எழுதி வெச்சிருக்கறானுக. மந்திரிக்க வேண்டாம், பல்லக் கடிச்சுக்கிட்டும் ஓட வேண்டாம். வழியில அடுத்து வாற ஓய்வு முகாம்ல போர்வைய வாங்கி இழுத்து மூடிக்கிட்டு ஒரு பத்து நிமிசம் படு. எழுப்பி உடறதுக்கு அந்த வாட்ச்ச வெச்சுக்க. அத்தன காசு குடுத்து வாங்குனதுக்கு அதுவும் ஒரு வேல பாக்கட்டும்.