காசு கொடுத்துக் கலாசி வேலை

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,



நான் சொகுசுக் கப்பலில் தீவு தீவாகச் சுற்றியதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அதில் சொகுசும் இல்லை, கப்பலும் இல்லை. நாற்பது அடிப் பாய்மரப் படகு. கிரேக்கத் தீவுகளில் கோடைக்கு இப்படி வாடகைக்கு விடுகிறார்கள். ஆள் கிடையாது, படகு மட்டும். கூட்டத்தில் ஒருவருக்கு லைசென்ஸும் இன்னொருவருக்குக் கொஞ்சம் கடல் பழக்கமும் இருந்தால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பாய் ஏற்றுவது, கயிறு இழுப்பது, தளம் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் காசு கொடுத்தவன் தலையில். நீங்கள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய காலத்தில் கலாசிக்குச் சம்பளமாவது கொடுத்தீர்கள்.

எங்கள் தண்டல் ஒரு ஜெர்மன்காரன். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. அங்கே வாயே திறக்காதவன், சுக்கானைப் பிடித்ததும் அதட்ட ஆரம்பித்துவிட்டான். அவனைத் தவிர அவன் மனைவி, ஒரு போலந்துக்காரி, ஒரு மதுரைக்காரன், நான் என்று நாலு பேர். வைகையை நம்பி வளர்ந்த மதுரைக்காரன் முதல் நாள் முழுக்கக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டதையெல்லாம் மீனுக்குப் படைத்துக்கொண்டிருந்தான். சமையல் என் பொறுப்பு. படகு சாய்ந்தாலும் அடுப்பு நிமிர்ந்து நிற்கும்படி அதை இரண்டு முளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுப்பு நிமிர்ந்துதான் நிற்கிறது, சமைக்கிறவன்தான் சாய்கிறான். கக்கூஸைப் பற்றி நேரில் சொல்கிறேன். கையால் பம்பு அடிக்க வேண்டும் என்பது இப்போதைக்குப் போதும்.

காற்றைப் பற்றி உங்களுக்குத்தான் எழுத வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கேயிருந்து ஒன்று அடிக்கும். மெல்டெமி என்று பெயர். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் வெயிலில் குறைந்து, நடுவில் கிடக்கும் கடலைப் போட்டு வாட்டுகிறது. நம் வாடை மழையைக் கூட்டிக்கொண்டு வரும். இது மேகத்தில் ஒரு துண்டுகூடக் காட்டாது. சுள்ளென்று வெயில், நீல வானம், கீழே கடல் முழுக்க வெள்ளை நுரை. போட்டோவில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவன் என்றார்கள். போட்டோவில் காற்று விழாதே. பாரோஸ் தீவில் ஏறிய நாங்கள் வடக்கே டெலோஸ் தீவுக்குப் போக வேண்டும். காற்றோ டெலோஸிலிருந்து வருகிறது. தண்டல் போனில் வானிலையைப் பார்த்தான், ஜெர்மன் மொழியில் ஏதோ முனகினான், நாக்ஸோஸ் தீவின் துறைமுகத்துக்குத் திருப்பினான்.

நாக்ஸோஸில் நுழைந்ததுமே ஒரு பிரம்மாண்டப் பளிங்கு வாசல் தெரிகிறது. சுமார் 6 மீட்டர் உயரம். பின்னால் கோயிலைத் தேடினால் கடல்தான் இருக்கிறது. லிக்டாமிஸ் என்ற சர்வாதிகாரி கி.மு. 530 வாக்கில் கோயிலைக் கட்ட ஆரம்பித்தான். ஆட்சி போனது, வேலை நின்றது, வாசல் மிச்சம். இன்று சாயங்காலமானால் சூரியன் மறைவதைப் பார்க்க அங்கேதான் கூட்டம். கட்டி முடித்திருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

துறைமுகத்தில் படகை நிறுத்துகிற முறை வேறு. முன்னால் நங்கூரத்தை விட்டு, பின்னாலேயே போய், பின்புறத்தைத் துறையில் கட்ட வேண்டும். வரிசையாக இப்படி நின்றால் ஒருவன் சங்கிலி இன்னொருவன் சங்கிலி மேல் விழத்தானே செய்யும்? விடிகாலையில் பக்கத்துப் படகுக்காரர் தன் நங்கூரத்தைத் தூக்க, அதில் எங்கள் சங்கிலியும் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. இத்தாலியன், ஜெர்மன், போலிஷ், மதுரைத் தமிழ் என்று நாலா பக்கமும் கூச்சல். கரையில் ரப்பர் செருப்போடு நின்ற ஒரு கிரேக்கப் பெரியவர் எங்கள் படகில் ஏறி அவர்கள் படகுக்குத் தாவினார். எங்கள் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுத்துக் கட்டினார், அவர்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார், அது தானாக நழுவியது. கயிற்றை விட்டார், எங்கள் சங்கிலி கீழே போனது. வாயிலிருந்த சிகரெட்டை எடுக்கவே இல்லை. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

காற்று தணிந்ததும் டெலோஸுக்குப் பக்கத்திலுள்ள மைக்கனோஸ் தீவுக்குப் போனோம். டெலோஸில் நினைத்தபடி படகை நிறுத்திவிட முடியாது, அனுமதி வேண்டும். ஆகவே இத்தனை பணம் கொட்டி எடுத்த படகைத் துறையில் கட்டிவிட்டு, டிக்கெட் வாங்கி, இன்னொரு படகில் அரை மணி நேரம் போனோம்.

பெரியப்பா, அந்தத் தீவின் சட்டத்தைக் கேளுங்கள். அப்போலோ சாமி பிறந்த இடமாம். ஆகவே அங்கே மனுஷன் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் தீட்டுக் கழிக்கிறோம் என்று கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பக்கத்திலுள்ள ரெனியா தீவுக்குக் கொண்டுபோனார்கள். அன்று முதல் பிரசவ வலி வந்தாலும் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் படகேற்றி ரெனியாவுக்கு. பிறகு, கி.மு. 166இல் ரோமாபுரி இதை வரியில்லாத் துறைமுகமாக்கியது. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகள்வரை வாங்கி அனுப்பக்கூடிய சந்தை என்று அந்தக் காலத்துப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பிள்ளை பெற்றால் தீட்டு, ஆளை விற்றால் தீட்டில்லை. கி.மு. 88இல் ரோமாபுரியின் எதிரி மன்னன் மித்ரிடேடஸின் படை, 69இல் கடற்கொள்ளையர் என்று அடுத்தடுத்து அடிவாங்கி ஊர் காலியானது. இன்றைக்கும் காவலாளிகளும் அகழ்வாராய்ச்சிக்காரர்களும் தவிர யாரும் ராத்தங்க முடியாது.

அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் கணவன், மனைவி சிலைகள் நிற்கின்றன. மனைவி பெயர் கிளியோபாட்ரா, எகிப்து ராணி இல்லை, ஏதென்ஸ் குடும்பப் பெண். புருஷன் அப்போலோ கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலி கொடுத்தாராம். அதைக் கல்லில் பொறித்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதுகிறார்களே, அந்த வம்சம்தான். வெள்ளியும் போனது, இரண்டு சிலைக்கும் தலையும் போனது, உபயம் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கிறது. நாக்ஸோஸ்காரர்கள் அங்கே வைத்த, வயிறு ஒட்டிப்போன சிங்கச் சிலைகளை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் இந்த அம்மாள் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன்.

அடுத்த வருஷம் மேற்கே இத்தாக்கா பக்கம் போகலாம், அங்கே காற்று சாது என்கிறான் தண்டல். ஆனால் டிராயில் போரை முடித்துக்கொண்டு அதே இத்தாக்காவில் வீடு வந்துசேர அவர்கள் காவிய நாயகன் ஒடிசியஸுக்கு 10 வருஷம் பிடித்ததாம். எங்கள் ஆபீஸில் அவ்வளவு லீவு தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: பெரியம்மா அனுப்பிய இட்லிப்பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவிப் போலந்துக்காரி பாதியைத் தீர்த்துவிட்டாள். அடுத்த பார்சலில் காரம் குறைக்க வேண்டாம், அளவைக் கூட்டச் சொல்லுங்கள்.