முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு

கேள்வி: ‘செகண்ட்’ என்றால் இரண்டாவது. கடிகாரத்தில் ஓடுகிற செகண்ட், எதற்கு இரண்டாவது?

பதில்: நிமிடத்துக்கு இரண்டாவது. ஒரு மணியை அறுபதாகக் கூறு போட்டால் கிடைப்பதை லத்தீனில் ‘பார்ஸ் மினுட்டா ப்ரீமா’ என்றார்கள். முதல் சிறு கூறு என்று அர்த்தம். அந்தக் கூறை மறுபடியும் அறுபதாக வெட்டினால் ‘பார்ஸ் மினுட்டா செகுண்டா’, இரண்டாம் சிறு கூறு. இவ்வளவு நீளமான பெயர் வாயில் நிற்குமா? தேய்ந்தது. முதல் பெயரில் ‘சிறு’ மட்டும் மிஞ்சி மினிட் ஆயிற்று. அடுத்ததில் ‘இரண்டாம்’ மட்டும் மிஞ்சி செகண்ட் ஆயிற்று. மினிட்டுக்கு எழுதும் அதே எழுத்துகளை ‘மைன்யூட்’ என்று வாசித்தால் ‘மிகச் சிறிய’ என்று பொருள் வருவதும் இதனால்தான். இதைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். 60, 3600 இரண்டும் உருப்போடாமலே பிள்ளைகள் மனசில் பதிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் ‘தேர்ட்’ எங்கே?

பதில்: இருந்தது. கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனியும், 1267-இல் ரோஜர் பேக்கனும் நிலவின் கணக்கை மூன்றாம் கூறு, நான்காம் கூறு வரை எழுதினார்கள். எல்லாம் ஏட்டுக் கணக்கு. செகண்டைக் காட்டும் கடிகாரமே அன்று கிடையாது. பின்னால் செகண்டைப் பத்து, நூறு, ஆயிரமாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. மில்லிசெகண்ட் வந்த பிறகு தேர்டுக்கு வேலை இல்லை.

கேள்வி: மணிக்கு நூறு நிமிடம் என்று வைத்திருந்தால் கணக்கு சுலபமாக இருக்குமே?

பதில்: பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் சட்டமே போட்டார்கள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 செகண்ட். 1795-இலேயே கைவிட வேண்டியதாயிற்று. பாபிலோனியர் வழியாக வந்த அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12 என்று எதால் வகுத்தாலும் மிச்சம் விழாது. நூறை மூன்று பேருக்குப் பங்கு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘ஒன் மொமென்ட்’ என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: ஒன்றரை நிமிடம். இடைக்கால ஐரோப்பாவில் மணியில் நாற்பதில் ஒரு பங்குக்குத்தான் மொமென்ட் என்று பெயர்.

கேள்வி: செகண்டைத் தமிழில் வினாடி என்பதா, நொடி என்பதா?

பதில்: நொடி என்பதே என் கட்சி. பாடப்புத்தகம் வினாடி என்றும் சொல்கிறது, ஊரும் சொல்கிறது. தப்பு என்று யாரையும் மறிக்க மாட்டேன். ஆனால் நம் பஞ்சாங்கத்தில் விநாடிக்கு வேறு அளவு உண்டு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. ஆக நாழிகை 24 நிமிடம், விநாடி 24 செகண்ட். ஒரு திதி சூரிய உதயத்திலிருந்து 5 நாழிகை 30 விநாடி வரை என்று போட்டிருந்தால், அது 2 மணி 12 நிமிடம். விநாடியைச் செகண்ட் என்று எண்ணிப் படிப்பவர் 2 மணி நேரமும் அரை நிமிடமும் என்று முடிவு கட்டுவார். பதினொன்றரை நிமிடம் பிசகும். நொடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும்தான் காட்டுகிறது. அது துல்லியமாக ஒரு செகண்ட் ஆகாது என்றாலும், பஞ்சாங்கத்தோடு மோதாது. அறுபதால் வகுக்கும் கணக்கை நாமும் வைத்திருந்தோம். அவர்கள் மணியை வெட்டினார்கள், நாம் நாளையே வெட்டினோம். அந்த அளவு கண்ணெதிரே மறைந்துபோவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கேள்வி: ஒரு நிமிடத்தில் 61 செகண்ட் வந்தது உண்டா?

பதில்: 1972-இலிருந்து 27 தடவை. கடைசித் தடவை நமக்கு 2017 ஜனவரி 1 காலையில் வந்தது. 5:29:59-க்குப் பிறகு 5:30:00 வராமல், நடுவில் 5:29:60 என்று ஒன்று வந்து போயிற்று. 1967 முதல் செகண்டுக்கு அளவுகோல் பூமி அல்ல, சீசியம்-133 அணு. அதன் கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை அதிரும் நேரம்தான் ஒரு செகண்ட். அணு இம்மி பிசகுவதில்லை. பூமியின் சுழற்சி அப்படிச் சீராக இல்லை. அது பின்தங்கும்போது ஒரு செகண்டைச் செருகிச் சரிக்கட்டினார்கள். கணினிகளுக்கு இது பெரும் தொல்லை. 2035-க்குள் இந்த ஏற்பாட்டை மாற்றிவிடுவதென்று 2022-இல் சர்வதேச எடை, அளவு மாநாட்டில் தீர்மானித்திருக்கிறார்கள்.