வராத பாக்கி: நியூஜெர்சிக் களத்திலிருந்து ஓர் ஆய்வு

கொடுத்த காசில் விலை போக மிஞ்சியது கொடுத்தவன் கைக்கே திரும்ப வேண்டும் என்பது வணிக நியதி. திரும்பாவிட்டால் அதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. வாங்கியவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனால் டிப்ஸ். கல்லா எதிரே நின்று முணுமுணுத்தால் ஏமாற்று. காசு என்னவோ இரண்டிலும் ஒரே திசையில்தான் நகர்கிறது. இருந்தாலும் இவ்விரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அவற்றை ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முயல்கிறது, நம் ஊர் ஓட்டலில் சோம்புக்கு அடியில் சில்லறையைப் போட்டுக் கொண்டுவருவது போல.

ஆய்வுக் களம் எடிசன் நகரமும் அதன் சுற்றுப்புறமும். ஆய்வுக் காலம் பதினோரு ஆண்டுகள். ஆய்வு நிதி முழுவதும் இவ்வாய்வாளனின் சொந்தப் பணம். அதில் தெரிந்து கொடுத்ததைவிடத் தெரியாமல் போனதே அதிகம்.

முதல் தரவு வந்து இறங்கிய இரண்டாவது வாரமே கிடைத்தது. சாலையோர டைனர் ஒன்றில் முட்டை, ரொட்டி, காபி. பில் 14 டாலர் 60 சென்ட். இருபது டாலர் தாளைத் தோல் அட்டைக்குள் வைத்தேன். பரிமாறிய பெண்மணி அட்டையை எடுத்தபடியே, "டூ யூ நீட் சேஞ்ச்?" என்று கேட்டார். நம் ஊரில் கண்டக்டர் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் "சில்லறை இல்லையா?" என்று எரிந்து விழுந்திருக்கிறார்களே தவிர, "சில்லறை வேணுமா?" என்று ஒருவரும் விசாரித்ததில்லை. துணி துவைக்கும் மெஷினுக்குக் குவார்ட்டர் காசு தேடி அலைபவன் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போலும் என நெகிழ்ந்து, "நோ, தேங்க் யூ" என்றேன். பிறகு என் 5 டாலர் 40 சென்ட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் இரண்டு முறை வந்து கோப்பையில் காபி நிரப்பிவிட்டுப் போனார். பாக்கி வரவில்லை. அவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு மலர்ச்சி. அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டதில் 37 சதவீதம் வந்தது.

அறையில் உடனிருந்த தஞ்சாவூர் அண்ணனிடம் சொன்னேன்.

"இப்ப என்னாங்கிறே? டிப்ஸு வச்சியா, ஏமாந்தியா?"

"தெரியலண்ணே."

"ஏமாந்துட்டேன்னு வெளிய சொல்லாத, அசிங்கம். டிப்ஸு வச்சேன்னு சொல்லு. மரியாதையா இருக்கும்."

இவ்வாய்வின் அடிப்படைக் கருதுகோள் அந்த இரவில், அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் உருவானது.

இனி மொழியியல். கோளாறு என் காதில் இல்லை, அந்தச் சொல்லில் இருந்தது. தமிழில் உடைத்த காசுக்குச் சில்லறை என்று பெயர். திரும்பி வர வேண்டியதற்குப் பாக்கி அல்லது மீதி என்று பெயர். பாக்கி தாளாகவும் வரலாம், சில்லறை யாருக்கும் பாக்கி இல்லாமலும் பையில் கிடக்கலாம். ஆங்கிலமோ இரண்டையும் 'சேஞ்ச்' என்ற ஒரே பைக்குள் திணித்துவிட்டது. ஒரு மொழியின் சொற்பஞ்சத்தால் ஒருவன் 5 டாலர் 40 சென்ட் இழந்ததற்கு இதைவிடத் துல்லியமான சான்று இவ்வாய்வாளனிடம் இல்லை.

பாக்கி வராமைக்கு மூன்றாவது வகையும் உண்டு. அது நம் பேருந்துகளின் கொடை. கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் 7 என்று எழுதி, வட்டம் போட்டு, "எறங்கும்போது வாங்கிக்குங்க" என்பார். ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்துக்குச் சற்றும் குறையாத வாக்குறுதிப் பத்திரம் அது. ஆனால் இறங்கும் அவசரத்தில் பையை எடுப்போம், குடையை எடுப்போம், அந்த ஏழு ரூபாயை மட்டும் பேருந்திலேயே விட்டுவிடுவோம். இதில் கொடையும் இல்லை, களவும் இல்லை. மறதி என்று தனி வகையாக்கலாம். கண்டக்டரின் மறதி எப்போதும் பயணியின் மறதியோடு சேர்ந்தே வருவது குறித்து மேலாய்வு தேவை.

அமெரிக்கப் பணத்தின் உருவமே வராத பாக்கிக்கு வசதி செய்து கொடுக்கிறது. ஒரு டாலரிலிருந்து நூறு டாலர் வரை எல்லாத் தாளும் ஒரே நீளம், ஒரே அகலம். பார்வையற்றோர் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது பாகுபாடுதான் என்று சொன்னது. தாள்கள் இன்னும் அதே அளவில்தான் இருக்கின்றன. நாணயங்களின் கதை இன்னும் மோசம். ஐந்து சென்ட் நிக்கல் பெரியது. பத்து சென்ட் டைம் அதைவிடச் சிறியது, ஒரு சென்ட் காசைவிடவும் சிறியது. டைமின் மேல் மதிப்பைச் சொல்லும் எண்ணே கிடையாது, 'ஒன் டைம்' என்றுதான் எழுதியிருக்கும். டைம் என்றால் பத்து என்று ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் அது பத்து. உருவத்தைப் பார்த்து மரியாதை தரும் பழக்கமுள்ள நான், முதல் மாதம் முழுவதும் நிக்கலைப் பத்தாகவும் டைமை ஐந்தாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்காரர்களில் சிலர் திருத்தினார்கள். சிலர் திருத்தவில்லை. என் வகைப்பாட்டில் அந்தச் சிலர் எங்கே உட்காருவார்கள் என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

டிப்ஸின் வரலாற்றுக்கு வருவோம். 'டு இன்ஷூர் ப்ராம்ப்ட்னஸ்' என்பதன் முதலெழுத்துகள்தான் டிப் என்று அலுவலக மதியச் சாப்பாட்டில் ஒருவராவது அறிவிப்பார். அது பின்னாளில் யாரோ கட்டிய கதை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்களின் குழூஉக்குறியில் 'டிப்' என்றால் கொடு, கைமாற்று என்று பொருள். சொல் பிறந்த இடமே திருடர் கூடாரம் என்றான பிறகு என் கருதுகோளுக்கு வேறு சான்று எதற்கு?

அமெரிக்கர்களும் ஒருகாலத்தில் டிப்ஸை வெறுத்தவர்கள்தான். வாஷிங்டன் மாநிலம் 1909-ல் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. நான்கே ஆண்டுகளில் சட்டத்தைச் சுருட்டி வைத்தது. வேறு சில மாநிலங்களும் போட்டுப் பார்த்தன. 1926-க்குள் அத்தனையும் போயின. இடையே 1916-ல் வில்லியம் ஸ்காட் என்பவர் டிப்ஸை எதிர்த்து ஒரு முழு நூலே எழுதினார். நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'அரிக்கும் உள்ளங்கை'. நமக்கு உள்ளங்கை அரித்தால் பணம் வரப்போகிறது என்று குஷி. அவருக்கு அதே அரிப்பு நாட்டைப் பிடித்த நோய்.

இந்த அரிப்புக்கு அடியில் சிரிக்க முடியாத ஓர் அடுக்கு இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர்களைப் புல்மன் கம்பெனி தன் தூங்கும் ரயில் பெட்டிகளில் பணியாளர்களாக வைத்துக்கொண்டது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. அவர்கள் 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. ஆனால் ஏற்பாடு சாகவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை, கூட்டாட்சிச் சட்டப்படி இன்றும் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அது அசையவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். இடையிலுள்ள 5 டாலர் 12 சென்ட்டை டிப்ஸ் நிரப்ப வேண்டும், அது நிரப்பாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும். கலிஃபோர்னியா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இந்தச் சலுகை முதலாளிக்குக் கிடையாது. நியூஜெர்சியில் தொகை கொஞ்சம் கூடுதல், ஏற்பாடு அதேதான்.

இதைச் சென்ற முறை வந்திருந்த அம்மாவுக்கு ஓட்டலில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா, இந்தப் பொண்ணுக்குக் கடையில சம்பளம் இல்லையா?"

"இருக்கும்மா. கம்மி."

"கம்மின்னா அவ மொதலாளிகிட்டல்ல கேக்கணும்? தோசை தின்ன நம்மகிட்ட ஏன் கேக்குறா?"

பதினோரு ஆண்டு ஆய்வின் முடிவை அம்மா ஒரு தோசைக்குள் எட்டிவிட்டார். முதன்முதலில் பாக்கி தராமல் விட்டவர் முதலாளி. அந்தப் பாக்கியை வசூலிக்கத்தான் தோல் அட்டை என் மேஜைக்கு வருகிறது. நான் கொடுப்பது கொடையும் அல்ல, ஏமாந்ததும் அல்ல, மாற்றான் கடன்.

மறுநாள் இந்தியக் கடையில் அம்மா அடுத்த கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். கத்தரி, வெண்டை, முருங்கை என்று முப்பது டாலருக்குக் காய் சேர்ந்தது. எல்லாவற்றையும் கல்லா மேல் வைத்துவிட்டு, வெகு இயல்பாக ஒரு கறிவேப்பிலைப் பாக்கெட்டை எடுத்து நேராகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். கல்லாவில் இருந்த பையன் சிரித்தபடி கையை நீட்டி, அதை வாங்கி, 'பீப்' என்று காட்டினான். 1 டாலர் 49 சென்ட். "கருவப்பிலைக்குக் காசாடா?" என்று அம்மா கேட்ட குரலில், அமெரிக்கப் பொருளாதாரத்தின் மேல் அவருக்கு மிச்சமிருந்த மதிப்பும் போனது தெரிந்தது.

கொசுறு என்பது கடைக்காரர் வாடிக்கையாளருக்கு வைக்கும் டிப்ஸ். விலைக்கு மேல் ஒருவர் ஒருவருக்குத் தருவது என்ற இலக்கணம் இரண்டுக்கும் பொருந்தும், திசைதான் வேறு. நம் சந்தையில் அது வாடிக்கையாளரை நோக்கி ஒரு கொத்து கறிவேப்பிலையாக, நாலு பச்சை மிளகாயாக வருகிறது. ஒரு ரூபாய்ச் சில்லறைக்குப் பதில் மிட்டாயைத் தள்ளிவிட்டு, அந்தக் கொசுறை வேறொரு வழியில் கடைக்காரர் ஈடுகட்டிக்கொள்வது தனிக் கதை. அமெரிக்காவிலும் கொசுறு இருந்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் அதற்கு 'லான்யாப்' என்று பெயர். தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியில் கிளம்பி, ஸ்பானியர் வாயில் புகுந்து, பிரெஞ்சுக்காரர் எழுத்தில் உருமாறிய சொல். 1883-ல் வந்த 'லைஃப் ஆன் தி மிஸ்ஸிஸிப்பி' நூலில் மார்க் ட்வைன், இந்தச் சொல்லைப் பெறுவதற்காகவே அந்த ஊருக்குப் போகலாம் என்கிறார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து நியூஜெர்சி வரும் வழியில் கொசுறு எங்கோ யூ டர்ன் அடித்துவிட்டது என்பது என் துணிபு.

அப்படித் திரும்பி வந்த கொசுறின் இன்றைய வடிவம், கல்லாவில் நம் பக்கம் திரும்பும் அந்தத் திரை. நானே நின்று, நானே வாங்கி, நானே தூக்கிக்கொண்டு போகப்போகும் ஒரு டப்பா பிரியாணிக்கு அது 18, 20, 25 என்று மூன்று பெரிய கட்டங்களைக் காட்டுகிறது. 'வேண்டாம்' என்பது கீழே, மூக்குக் கண்ணாடி போட்டுத் தேடும் அளவில் இருக்கும். திரையைத் திருப்பியவர், "இது உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்ப்பார். நமக்குப் பின்னால் நிற்பவர் மட்டும் கூரையைப் பார்ப்பதில்லை. கட்டத்துக்குள்ளும் சூது உண்டு. நாற்பது டாலர் சாப்பாட்டுக்கு நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், அதாவது 2 டாலர் 65 சென்ட். சாப்பாட்டுக்கு மட்டும் இருபது சதவீதம் என்றால் 8 டாலர். பல திரைகள் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டு 8 டாலர் 53 சென்ட் கேட்கும். மாநில அரசு எனக்குப் பரிமாறியதற்காக நான் 53 சென்ட் டிப்ஸ் வைக்கிறேன்.

இங்கே தொல்காப்பியரை அழைக்காமல் முடியாது. கேட்பதற்கு மூன்று சொற்களை அவர் தரம் பிரித்தார். தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. சென்னை ஆட்டோ அண்ணன் தலையைச் சொறிந்து, "பாத்துப் போட்டுக் குடுங்க சார்" என்னும்போது சொல் கொடுவாக இருந்தாலும் குரல் ஈ. டைனர் பெண்மணியின் கேள்வி சமமாக நின்று கேட்ட தா. திரை வாயே திறப்பதில்லை. இருந்தும் அதன் முன்னால் நிற்கும் என் விரல் நடுங்குவதை வைத்துப் பார்த்தால், அது சொல்வது கொடு என்பதில் ஐயமில்லை.

ஒரு சென்ட் காசைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அச்சடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. ஒன்றைக் கொடுக்க மூன்றே முக்காலுக்குப் பக்கத்தில் செலவழித்த இந்த அரசுதான் உலகிலேயே தாராளமாக டிப்ஸ் வைத்த வாடிக்கையாளர். புழக்கத்துக்கான கடைசிக் காசை 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அம்மா இருந்த ஆறு மாதமும் வாகன நிறுத்தத்தில் கிடக்கும் அந்தக் காசுகளைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வந்தார். "மகாலட்சுமியைக் கால்ல மிதிக்கிறானுங்க." பாட்டில் இன்னும் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

கடைசித் தரவு நுவார்க் விமான நிலையத்தில் கிடைத்தது. ஊர் திரும்பும் அம்மாக்கள் எல்லோரையும் போல அவரும் சக்கர நாற்காலியில். தள்ளி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெரிய மனிதர். "இவருக்கு எவ்வளவுடா குடுக்கணும்?" என்றார் அம்மா. அஞ்சு டாலர் போதும் என்றேன். சுருக்குப் பையில் பத்து டாலர் தாள்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அம்மா உள்ளங்கையை நீட்டியபடியே இருந்தார். அவர் மகிழ்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அஞ்ச திருப்பிக் குடுக்கச் சொல்லுடா."

நாக்கு ஒட்டிக்கொள்ள மொழிபெயர்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, பேன்ட் பையைத் துழாவி, சட்டைப் பையைத் துழாவி, கசங்கிய ஒரு டாலர் தாள்களை எடுத்து நீட்டினார். நான்கு இருந்தன. வெறும் பையை வெளியே இழுத்துக் காட்டினார். அம்மா இரண்டு முறை எண்ணினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாள்களை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாற்காலி பாதுகாப்புச் சோதனை வரிசைக்குள் நுழையும்போது கழுத்தைத் திருப்பி, "அந்த ஒத்த டாலரை நீ வாங்கி வச்சுக்க" என்றார். போர்டிங் பாஸின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. எழுதி வட்டம் போட என்னிடம் பேனா இல்லை.